மூன்றாவது படம் எங்கே?

எடைக் குறைப்பு ஆபரேஷன் விளம்பரங்களில் இரண்டு படங்கள் இருக்கும். முன்னால் குண்டாக ஒன்று, ஒரு வருஷம் கழித்து ஒல்லியாக ஒன்று. பத்து வருஷம் கழித்து எடுத்த மூன்றாவது படத்தை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. என் சண்டை அந்தப் படத்துக்காகத்தான்.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரம் பேருக்கு மேல் வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாகவே இருந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பைபாஸ் முறையில் முதல் ஓரிரு வருஷத்தில் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்து வருஷத்தில் அது 25 சதவீதத்தில் வந்து நின்றது. இரைப்பையில் பட்டை மாட்டிக்கொண்டவர்களுக்கு 20 என்பது 14 ஆயிற்று. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பாகத்தை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறைதான் இப்போது பரவலாக நடக்கிறது. பின்லாந்தில் 240 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வருஷக் கணக்கில் ஸ்லீவ் பைபாஸுக்குப் பின்னால்தான் நின்றது.

ஆகக் கொஞ்சம் எடை திரும்புவது உடம்பின் இயல்பு. இழந்ததைப் பிடிக்க உடம்பு பசியைக் கூட்டும். சின்னதாக்கிய இரைப்பையும் நாளடைவில் கொஞ்சம் விரியும். நாலு இட்லி இறங்காத வயிற்றில் பாதாம் பாலும் சர்க்கரை போட்ட காபியும் சுலபமாக இறங்கிவிடும். இதையெல்லாம் கூடவே இருந்து சொல்லித்தர ஆள் வேண்டாமா?

செங்கல்பட்டில் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஏழு வருஷத்துக்கு முன் ஸ்லீவ் செய்துகொண்டாள். முதல் வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து மாதாமாதம் போன் வந்தது. பிறகு நின்றுபோனது. எடை ஏற ஆரம்பித்ததும் டாக்டர் முகத்தில் விழிக்கவே அவளுக்கு வெட்கம். மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்தில், "அவ்வளவு செலவு பண்ணியும் வாயைக் கட்ட முடியலையா?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். பரிசோதனைக்கும் போகாமல், மாத்திரையையும் விட்டுவிட்டாள். பி12 சத்து குறைந்து பாதம் மரத்துப்போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க வேண்டியவை. கைவிட்டவர்களுக்குக் கேள்வி இல்லை, கைவிடப்பட்டவளுக்குப் பழி. இது என்ன நியாயம்?

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பட்டியலில் இவர்களையும் சேர்க்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாள் இவர்களுக்கென்றே ஒதுக்கினால், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். பேக்கேஜ் என்று மொத்தமாகப் பணம் வாங்கும் தனியார் ஆஸ்பத்திரிகள், ஐந்து வருஷப் பரிசோதனையையும் அதிலேயே சேர்க்க வேண்டும்.

உங்கள் பிள்ளையோ மருமகளோ இந்த ஆபரேஷனுக்குக் கிளம்பினால், விலையைக் கேட்குமுன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "ஐந்து வருஷத்துக்கு முன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் இன்னும் உங்களிடம் வருகிறார்கள்?" பதில் இல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.