பெரிய சக்கரம் மட்டும் போதுமா?

மோட்டார் தொழிலில் வளர்ந்த ஊர் புனே. 1966ல் டெல்கோ இங்கே தொழிற்சாலை அமைத்தது. ஆகுர்டியில் பஜாஜ், சாக்கனில் மகிந்திரா என்று மற்ற நிறுவனங்களும் இங்கே இடம் பிடித்தன. நாட்டில் விற்பனைக்கு வரும் வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் 'அராய்' எனப்படும் ஆராய்ச்சி நிலையமும் 1966ல் தொடங்கியதுதான். அதன் தலைமையகம் இந்த ஊரில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் பழைய பிக்-அப் ஒன்றை வாங்கி, துருவைச் சுரண்டி, புதுப் பெயிண்ட் அடித்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை சிலருக்கு வருவதில் வியப்பில்லை.

அந்த ஆசைக்குத் தோதான வண்டியும் உள்ளூர்ச் சரக்குதான். 1988ல் டெல்கோ கொண்டுவந்த 'டாடா மொபைல் 206' பிக்-அப், லாரிக் கம்பெனி என்று பெயர் வாங்கியிருந்த நிறுவனம் சிறிய வண்டிகளின் பக்கம் எடுத்து வைத்த முதல் அடி. 1991ல் வந்த சியராவும் 1992ல் வந்த எஸ்டேட்டும் அதன் அடித்தளத்தில் பிறந்தவையே. காய்கறியும் சிமென்டும் சுமந்து ஓய்ந்த அந்த பிக்-அப்கள் இன்று ஆர்வலர்களின் கைக்கு வருகின்றன. வந்ததும் முதலில் மாறுவது சக்கரம். பெயிண்டுக்கு மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட டயர் கடையில் அரை மணி நேரத்தில் முடிவெடுத்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 215/75 ஆர் 15 என்றிருந்தால் டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில். 'ஆர்' என்றால் ரேடியல். பக்கச் சுவர் 161 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து 322. ரிம் 381. ஆக, டயரின் முழு விட்டம் சுமார் 703 மி.மீ. பழைய ஜீப்புகளில் இருந்த 6.00-16 டயருக்குக் கணக்கு இன்னும் எளிது. அந்தக் காலத்து டயரில் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் 6, 6, 16 என்று கூட்டினால் 28 அங்குலம்.

இப்போது 215க்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் என்ன ஆகும்? விட்டம் 733 மி.மீ. ஆகிறது. 30 மி.மீ. அதிகம். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான்: ஒன்றரை சென்டிமீட்டர். அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொடுக்கும் விலை சின்னதல்ல. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83ஐத் தாண்டி ஓடும். மீட்டரில் 10,000 கி.மீ. ஏறியிருந்தால் உண்மையில் ஓடியது 10,400க்கு மேல். ஒவ்வொரு கியரும் 4 சதவீதம் நீண்டுவிட்டதால் ஏற்றத்தில் எஞ்சின் திணறும். ஏற்கெனவே இளைத்துப்போன பழைய டீசல் எஞ்சினுக்கு இது கூடுதல் பாரம்.

பிரேக்கின் பாடும் இதுதான். டிரம்மும் லைனிங்கும் பழைய அளவிலேயே இருக்க, சக்கரம் மட்டும் வளர்ந்தால் சாலையில் கிடைக்கும் பிடிப்பு அதே விகிதத்தில் குறையும். சமதளத்தில் இது தெரியாது. புனேயிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு மலைப்பாதை குறுக்கிடுகிறது. மும்பை போனால் போர் காட், சாத்தாரா பக்கம் போனால் கம்பட்கி, கொங்கணம் இறங்கினால் தாம்ஹினி. சுமையோடு இறங்கும் வண்டியில், ஏற்கெனவே சூடேறிய பிரேக்குக்கு 4 சதவீத இழப்பு பெரிது.

உயரமான டயர் வேண்டாம், பெரிய ரிம் போதும் என்பவர்கள் இன்னொரு ரகம். 15 அங்குல இரும்பு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 18 அங்குல அலாய் வீல். 225/55 ஆர் 18 டயர் போட்டால் மொத்த விட்டம் ஏறத்தாழ 705 மி.மீ. ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது, கியரும் கெடாது. கணக்கு அழகாகவே பொருந்துகிறது. ஆனால் பக்கச் சுவர் 161லிருந்து 124 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. மழைக்காலம் முடிந்த பிறகு நம் சாலைகளில் உள்ள பள்ளங்களைத் தாங்குவது அந்தச் சுவரில் அடைபட்ட காற்றுதான். அது குறைந்தால் அடி ரிம்மில் விழும். ரிம் வளையும், அல்லது விரியும்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பலர் பார்ப்பதில்லை. 100 எஸ், 98 எச் என்பதுபோல் எழுதியிருக்கும். எழுத்து வேகத்துக்கு, எண் சுமைக்கு. 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 98 என்றால் 750. 92 என்றால் 630தான். பின் அச்சில் 1,600 கிலோ ஏறக்கூடிய பிக்-அப்புக்கு 100 எண் டயர் இரண்டு போட்டால் சரி. பார்வைக்கு எடுப்பாக இருக்கிறதே என்று 98 எண் கார் டயர் போட்டால் 100 கிலோ பற்றாக்குறை. காலி வண்டியை ஓட்டும் வரை ஒன்றும் ஆகாது. கல்யாண வீட்டுக்குப் பாத்திரமும் பந்தலும் ஏற்றிப் போகும் நாளில், வெயிலில், நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும். பிக்-அப் சுமைக்காகவே பிறந்த வண்டி. அதற்குக் காரின் செருப்பு பொருந்தாது.

டயர் பொருந்தினாலும் ரிம் பொருந்த வேண்டும். முதலில் நட்டுகளின் வட்டம். பழைய ஜீப்பிலும் ஜிப்சியிலும் 5 நட்டுகள், 139.7 மி.மீ. வட்டத்தில். வேறு வண்டியில் வேறு அளவு. நட்டு வட்டம் ஒத்துப்போனாலும் நடுத் துளை 'ஹப்'பில் உட்காராமல் போகலாம். 'ஸ்பேசர்' என்று ஒரு வளையத்தை இடையில் கொடுத்து எதையும் எதோடும் பொருத்திவிடலாம் என்பார்கள் கடைக்காரர்கள். பொருத்தலாம்தான். ஆனால் சக்கரம் வெளியே தள்ளப்படத் தள்ளப்பட, பேரிங்கின் மீது விழும் நெம்புவிசை கூடுகிறது. ஸ்டியரிங் கனக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கைக்கு உதறல் வருகிறது. கிணற்றில் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குச் செலவு கிடையாது. ஒரு ரிம்மில் ஒரு டயரை மாட்டி முன்பக்கம் பொருத்த வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு பின்பக்கம் மாட்டி, மணல் மூட்டை ஏற்றி, ஸ்பிரிங் பட்டைகள் தாழ்ந்த நிலையில் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். காலி வண்டியில் உரசாத டயர் சுமையில் உரசும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். ஒரே அச்சில் ரேடியலும் பழைய நூல் டயரும் கலக்கக் கூடாது. டயரின் பிறந்த தேதியும் முக்கியம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 2219 என்றிருந்தால் 2019ம் ஆண்டின் 22வது வாரம். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் அலங்கார வண்டிகளில் டயர் தேய்வதில்லை. பட்டன் புதிதாகவே தெரிய, ரப்பர் உள்ளுக்குள் காய்ந்து வெடிப்பு விடுகிறது.

சட்டமும் சும்மா இருப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு முரணாக வண்டியின் விவரங்களை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. நிறம் மாற்றுவதும் சின்னச் சின்னப் பொருத்தல்களும் வேறு, வண்டியின் அமைப்பை மாற்றுவது வேறு என்று அது பிரித்துச் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. சரக்கு வாகனமாகப் பதிவான பிக்-அப் என்றால் 8 ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும். விபத்தில் இழப்பீடு கேட்கும் நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இந்த மாற்றங்களைத் தேடிப் பார்க்கும். எனவே அந்த மாடலுக்கே தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் பெரியது எதுவோ, அதுதான் ஆசைக்குப் பாதுகாப்பான எல்லை.

'கிளாசிக்' என்ற பட்டமும் சட்டத்தில் சுலபமாகக் கிடைப்பதல்ல. 2021ல் வந்த விதிகள் 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் பராமரிக்கப்பட்ட சொந்த உபயோக வண்டியை மட்டுமே 'விண்டேஜ்' என்று ஏற்கின்றன. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். அதற்கு 'வி ஏ' எழுத்துகள் கொண்ட தனி எண் தரப்படும்; அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். 1988ல் வந்த டாடா மொபைல் அந்தத் தகுதியைத் தொட 2038 ஆகும்.

அதுவரை எது செய்தாலும் பழைய இரும்பு டிஸ்க்குகளைக் காயலான் கடைக்குப் போடாமல் இருப்பது நல்லது. ஐந்தையும் துடைத்து, பெயிண்ட் அடித்து, பரண்மேல் வைக்கலாம். அலாய் வீல் கடையில் எப்போதும் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன வண்டியின் அசல் டிஸ்க் கிடைக்காது.