ரகசிய எழுத்தா, பழைய எழுத்தா?

கழுகுமலைக்குப் போகிறவர்கள் முருகனைக் கும்பிடுவார்கள். மலைமேல் ஏறி வெட்டுவான் கோயிலைப் பார்த்து அதிசயிப்பார்கள். பிறகு சமணச் சிலைகள் வரிசை வரிசையாக இருக்கும் பாறைக்கு வருவார்கள். அந்தச் சிலைகளின் அடியில் வளைந்து நெளிந்து சில எழுத்துக்கள் இருக்கும்.

"இது ஏதோ ரகசிய எழுத்து. புதையல் இருக்கிற இடத்தை எழுதி வைத்திருக்கிறான்!" என்று யாராவது ஒருவர் சொல்லுவார்.

சொல்லிவிட்டுப் போனால் பரவாயில்லை. புதையல் ஆசையால் கல்வெட்டுப் பாறைகளை உடைத்த செய்திகள் தமிழ்நாட்டில் எத்தனையோ முறை வந்திருக்கின்றன. ஆகவே இது விளையாட்டுப் பேச்சு அல்ல. ஓர் எழுத்து நமக்குப் புரியவில்லை. அது மறைத்து எழுதியதா? அல்லது நாம் மறந்து போனதா?

கண்டுபிடிக்க வழி உண்டு. எழுத்தே காட்டிக் கொடுத்துவிடும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பேசும் "க" பாஷை தெரியும் அல்லவா? ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு "க" போடுவார்கள். "வீடு" என்பது "கவீகடு" ஆகிவிடும். கேட்டதும் தலை சுற்றும். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ஒன்று விட்டு ஒன்று "க" வருகிறது. எந்தத் தமிழிலும் இத்தனை "க" வராது! பூட்டு இன்னது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் திறப்பதற்கு என்ன கஷ்டம்?

ஓர் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்தை வைப்பது இன்னொரு வகை. "க" வர வேண்டிய இடத்தில் எல்லாம் "ம" போடுவது. இது கொஞ்சம் கெட்டிப் பூட்டு. ஆனாலும் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் கிந்தி என்ற அறிஞர் 9ஆம் நூற்றாண்டிலேயே இதற்குச் சாவி செய்துவிட்டார். எழுத்துக்களை எண்ணிப் பார் என்றார். ஒரு மொழியில் அடிக்கடி வரும் எழுத்து, முகமூடி போட்டாலும் அடிக்கடிதான் வரும்.

எழுத்துக்களை மாற்றாமல் இடத்தை மட்டும் கலைத்துப் போட்டால்? எண்ணிக்கை சரியாக இருக்கும், சொல் மட்டும் வராது. அதுவும் ஓர் அடையாளம்தான். இன்று கைப்பேசியில் செய்தியைப் பூட்டும் முறை வேறு. அதில் கூடுதல் குறைவு இல்லாமல் எல்லாம் சமமாகக் கலந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்துப் பயன் இல்லை. பாண்டியர் காலத்தில் அந்தப் பூட்டு ஏது?

இனிக் கழுகுமலைப் பாறைக்கு வருவோம்.

அங்கே சுமார் 100 கல்வெட்டுகள் இருக்கின்றன. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஏறக்குறைய அல் கிந்தியின் காலம்தான்! பல வரிகள் "ஸ்ரீ" என்று ஒரே மாதிரி தொடங்குகின்றன. பல வரிகள் ஒரே மாதிரி முடிகின்றன. ரகசியம் எழுதுகிறவன் இப்படி எழுதுவானா? தலையும் வாலும் ஒன்றுபோல் இருந்தால் திருடனுக்கு அதுவே போதுமே! மேலும், மலை மேல், சாமி காலடியில், வருகிறவர் கண்ணில் படும்படி யாராவது ரகசியத்தை எழுதுவார்களா?

அது வட்டெழுத்து. அந்நாளில் பாண்டிய நாட்டில் வழங்கிய தமிழ் எழுத்து. சோழர் ஆட்சி வந்த பிறகு அது இங்கே மெல்ல மெல்ல மறைந்தது. பூட்டியவர் யாரும் இல்லை. சாவியைத் தொலைத்தவர்கள் நாம்!

இதைவிடப் பழைய எழுத்துக்கும் இதே சந்தேகம் வந்தது. மதுரைக்கு அருகே மாங்குளம் முதலிய இடங்களில் குகைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அசோகர் கல்வெட்டில் உள்ளது போன்ற எழுத்து. ஆகவே மொழியும் வடக்கே வழங்கிய பிராகிருதமாக இருக்கும் என்று எண்ணிப் படிக்கப் பார்த்தார்கள். பொருள் சரியாக வரவில்லை. 1924ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதில் ழ, ள, ற, ன என்ற எழுத்துக்கள் இருப்பதை எடுத்துக் காட்டினார். இது தமிழ் என்றார். நாலு எழுத்து, கதையை மாற்றிவிட்டது!

அப்படியானால் கழுகுமலையில் என்னதான் எழுதியிருக்கிறது? இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பெயர்கள் வருகின்றன. கோட்டாறு வருகிறது. தச்சர் வருகிறார். குரத்திகள் வருகிறார்கள். குரத்தி என்றால் பாடம் சொல்லும் பெண் குரு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் சீமையில் ஒரு பெண் ஆசிரியையாக இருந்தாள், அவளுக்கு மாணவர்கள் இருந்தார்கள்! பொன் குடத்தைவிட இது மட்டமா? என்னைக் கேட்டால், இதுதான் புதையல்.

இந்த வாசகங்கள் எல்லாம் 1925ல் வெளியான "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" ஐந்தாம் தொகுதியில், நாம் படிக்கிற தமிழ் எழுத்திலேயே அச்சாகி இருக்கின்றன. கோவில்பட்டி வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகவேண்டும். முதலில் "ஸ்ரீ" எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளே மற்ற எழுத்தைப் பிடித்துவிடுவார்கள். நன்றாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தீட்ட மட்டும் விடாதீர்கள். கல் கெட்டுப்போகும்.

காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. கரிசல் சீமை வெயில், பாறை சீக்கிரம் கொதிக்கும்.