பாண்டி எல்லையில் சரக்கு மட்டும்தானா இருக்கு? யாரும் எட்டிப் பார்க்காத இரண்டு ஊர்கள்!

வீக்எண்ட் வந்தால் போதும். சென்னையிலிருந்து கிளம்பும் கார்கள் திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு, நேராகப் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் போய்த்தான் நிற்கின்றன. நடுவில் வரும் எல்லை என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது மதுக்கடைகள்தான்.

விழுப்புரம் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான எல்லை நேர்கோடு கிடையாது. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயர் ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்ததன் மிச்சம் அது. இந்த எல்லையோரத்தில்தான் இரண்டு முக்கியமான இடங்கள் கவனிக்க ஆளில்லாமல் இருக்கின்றன.

திருவக்கரை

வானூர் வட்டத்தில் இருக்கும் ஊர். பௌர்ணமி அன்று வக்கிரகாளியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். ஆனால், பக்கத்திலேயே இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவுக்குப் போகிறவர்கள் கம்மி. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்கள் இவை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் மெல்ல மெல்லப் படிந்து, மரம் அப்படியே கல்லாகிவிட்டது. 1781-லேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா இதைப் பதிவு செய்திருக்கிறார். இப்போது பராமரிப்பது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்.

கீழூர்

இது புதுச்சேரிப் பக்கம். 1954 அக்டோபர் 18 அன்று, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இந்தச் சின்ன ஊரில் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். ஆண்டுதோறும் அதே தேதியில் நினைவிடத்தில் கொடியேற்றி மரியாதை செய்கிறார்கள். மற்ற நாட்களில் அந்தப் பரபரப்பு இல்லை.

பிரச்னை என்ன? திருவக்கரை தமிழ்நாட்டுக்கு ஓரம். கீழூர் புதுச்சேரிக்கு ஓரம். இரண்டு பக்கமும் 'மெயின்' இடங்களுக்குத்தான் விளம்பரம். அதே விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லா இடத்துக்கும் யுனெஸ்கோ வர வேண்டும் என்று காத்திருக்க முடியாது. கல்மரம் ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். கீழூர் வாக்கெடுப்பைக் கண்ணால் பார்த்த தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது.

இதற்குப் பெரிய பட்ஜெட் எல்லாம் வேண்டாம். இரு அரசுகளும் பேசி, விடுமுறை நாட்களில் இந்த இரண்டு ஊர்களையும் இணைத்து ஒரு சுற்றுலா பஸ் விடலாம். திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் பளிச்சென்று வழிகாட்டிப் பலகை வைக்கலாம். முதலில், விழுப்புரம், திண்டிவனம் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். சொந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாத இடத்தை வெளியூர்க்காரர்கள் தேடி வருவார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி?