இரு கிண்ணங்கள்

1892ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஜேர்மன் இராணுவ அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஒஸ்திரிய அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்குமாகக் குதிரைமீது விரைந்தனர். ஏறத்தாழ 580 கிலோமீற்றர் தூரம். ஸ்டாரம்பேர்க் பிரபு என்னும் ஒஸ்திரியர் 72 மணித்தியாலத்துக்குள் பெர்லினை அடைந்து வாகை சூடினார். அவரைச் சுமந்து வந்த குதிரை மாண்டது. வேறு பல குதிரைகளும் மாண்டன. இதனை வீரம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

கலிபோர்னியாவில் 1955ஆம் ஆண்டில் இத்தகைய பந்தயம் ஒன்று தொடங்கியது. மலை வழியே 100 மைல். 24 மணித்தியாலத்துக்குள் முடித்தல் வேண்டும். முதல் வருபவருக்கு டெவிஸ் கிண்ணம். ஆனால் 1964 முதல் ஹகின் கிண்ணம் என இன்னொன்றும் உண்டு. முதலில் வந்த பத்துக் குதிரைகளுள், யாத்திரை முடிந்த பின்னும் எது மிகவும் நல்ல நிலையில் நிற்கிறதோ அதற்கே அது உரியது. நம்மைக் கேட்டால், இதனையே பெரிய கிண்ணம் என்போம்.

வழியில் மிருக வைத்தியர் பலமுறை மறித்துச் சோதிப்பர். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவை துடிக்கும் குதிரையின் இதயம், குறித்த நேரத்துக்குள் 60 அல்லது 64 என விதித்த எல்லைக்கு இறங்குதல் வேண்டும். குடலின் ஓசையைச் செவிமடுப்பர். ஓடவிட்டு, நொண்டுகிறதா எனப் பார்ப்பர். தவறினால், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தாலும் விலகவே வேண்டும்.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என மாணவர் வினவலாம். மனிதனுடைய வியர்வையில் உப்புக் குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்க அவன் இரத்தத்தில் உப்பு மிகுந்து தாகம் எழுகின்றது. குதிரையின் வியர்வையிலோ இரத்தத்தில் உள்ள அளவு, சில வேளை அதனினும் கூடுதலாக, உப்பு இருக்கின்றது. நீரும் உப்பும் ஒருங்கே போய்விடுவதால் தாகம் எழுவதில்லை. உடல் வற்றிய குதிரை தண்ணீர்த் தொட்டியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “இதற்குத் தாகமில்லை” என்று மேலே செலுத்துபவன் அதனைக் கொல்லவும் கூடும்.

விதிகள் இருந்தும் ஆசை அடங்கியதில்லை. சமதரைப் பாலைவனப் பந்தயங்களில் வேகம் மிகுந்து குதிரைகள் துன்புற்றமையால், 2015இல் சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் ஐக்கிய அரபு அமீரகத்துச் சங்கத்தைச் சில மாதங்கள் இடைநிறுத்தியது. 2016இல் துபாயில் நடக்கவிருந்த உலகப் போட்டியும் சுலோவாக்கியாவுக்கு மாற்றப்பட்டது.

கோர்டன் ஐன்ஸ்லி என்பாரின் குதிரை 1973இல் கலிபோர்னிய மலைவழியில் நொண்டவே, அவர் விலக நேர்ந்தது. மறு ஆண்டு அவர் குதிரையின்றியே வந்தார். அந்த 100 மைலையும் தம் கால்களாலேயே ஓடி, 23 மணித்தியாலம் 42 நிமிடத்தில் முடித்தார்.