பருப்பு வேறு, புரதம் வேறு

மைசூரில் புரதம் என்ற சொல்லுக்கு ஒரு விலாசம் உண்டு. செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், ஊர்க்காரர்கள் வாயில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. வேர்க்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்து ஏழைக் குழந்தைகளுக்கான புரத உணவு தயாரித்த இடம். அன்று நாட்டின் கவலை, மக்களுக்குப் புரதம் போதவில்லை என்பது. இன்றும் இங்கே யாரிடம் கேட்டாலும் புரதம் என்றால் பருப்பு, முட்டை, டப்பாவில் விற்கும் பவுடர்.

இந்தப் பின்னணியில் ஒரு செய்தித் தலைப்பை நினைத்துப் பாருங்கள்: 'புராஸ்டேட் புற்றுநோய் பரவக் காரணமான புரதம் கண்டுபிடிப்பு.' ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் அறிக்கை, ஏஜென்சி வழியாக வந்து, இரவுப் பணியில் இருப்பவர் கையில் அரை மணி நேரத்தில் தமிழாகிவிடும். மறுநாள் அதைப் படிப்பவர்களில் நோயாளியின் வீட்டாரும் இருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. புற்றுநோய் எலும்பு வரை போய்விட்டது. மருமகள் அக்கறையுள்ளவர். துவரம்பருப்பை நிறுத்திவிட்டார், முட்டையையும். "பேப்பர்லயே போட்டிருக்காங்க சார், புரதத்தாலதான் பரவுதாம். மாமாவுக்கு இப்ப கஞ்சியும் ரசமும்தான்" என்றார்.

அந்தச் செய்தியில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஒரே சொல் இரண்டு வேலை பார்த்ததுதான் வினை.

நாம் சாப்பிடும் பருப்பின் புரதம் அப்படியே உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. வயிற்றிலும் குடலிலும் அது அமினோ அமிலங்களாக உடைகிறது. பழைய வீட்டை இடித்துச் செங்கல்லைப் பிரித்தெடுப்பது மாதிரி. அந்தச் செங்கற்களைக் கொண்டு ஒவ்வொரு செல்லும், தன் மரபணுவில் எழுதியிருக்கிறபடி, தனக்கு வேண்டிய புரதங்களைக் கட்டிக்கொள்கிறது. ஆராய்ச்சியாளர் குறிப்பிடுவது இப்படிச் செல்லுக்குள் கட்டப்பட்ட ஒன்றை. பருப்பை நிறுத்தினால் அது குறையாது. உடம்பு தன் தசையை உடைத்துச் செங்கல் எடுக்கும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை அடக்கும் சிகிச்சை தரும்போது தசையும் எலும்பும் ஏற்கனவே மெலிகின்றன. அந்த நேரத்தில் கஞ்சியும் ரசமும் என்பது நோயோடு கூட்டு சேர்வது. (கட்டி சிறுநீர்ப் பாதையை அடைத்துச் சிறுநீரகம் கெட்டிருந்தால் புரத உணவைக் குறைக்க வேண்டி வரலாம். அதை டாக்டர் சொல்ல வேண்டும், தலைப்புச் செய்தி அல்ல.)

சரி, பரவலுக்குக் காரணம் என்று சொல்லப்படும் புரதம்தான் எது? ஒன்றல்ல, பல. அவற்றில் ஒன்றின் கதை விரிவாகச் சொல்லத்தக்கது. 2002 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழுவின் ஆய்வு. முதல் பெயர் சூரியநாராயண வரம்பள்ளி. ஒன்று தமிழ்க் காதுக்குப் பழகிய பெயர், மற்றது கன்னடக் காதுக்கு. சுரப்பிக்குள்ளேயே அடங்கிக் கிடந்த கட்டிகளையும், ஹார்மோன் சிகிச்சைக்கு மசியாமல் உடம்பெங்கும் பரவிய கட்டிகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பரவியவற்றில் ஈ.இஸட்.எச்.2 என்ற புரதம் மிகுந்திருந்தது. அடங்கிய கட்டிகளிலும் இது அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் நோய் மோசமானது.

இந்தப் புரதத்தின் இயல்பான வேலை பூட்டுவது. கரு வளரும்போது, தோல் செல்லில் ஈரலுக்கான மரபணு பேசக்கூடாது, ஈரலில் தோலுக்கானது பேசக்கூடாது. அதற்காகச் சில மரபணுக்களின் மேல் இரசாயன முத்திரை வைத்து வாயடைக்கும் கூட்டத்தில் இது ஓர் ஆள். பழ ஈயில் ஆராய்ந்து கண்ட குடும்பம் இது. வளர்ந்த மனிதனின் சுரப்பியில் அளவுக்கு மீறிப் பெருகினால், பூட்டக்கூடாத கதவுகளும் பூட்டிக்கொள்கின்றன. அதே குழுவினர் 2008இல் அப்படி ஒரு கதவைக் காட்டினார்கள்: ஈ-கேட்ஹெரின். செல்லோடு செல்லை ஒட்டி வைக்கும் பசை போன்ற புரதம். அதன் மரபணு அடங்கிப்போனால் பசை விடுகிறது, செல் கழன்றுகொள்கிறது. கதை அதோடு முடியவில்லை. 2012இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், ஹார்மோனுக்கு மசியாத புற்றில் இதே புரதம் பூட்டுக்காரன் வேலையை விட்டுவிட்டுச் சில மரபணுக்களைத் திறந்தும் விடுகிறது என்று கண்டார்கள். 'காரணமான புரதம் கண்டுபிடிப்பு' என்ற மூன்று சொற்களில் இதை எப்படி அடைப்பது?

கழன்ற செல் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது என்பது இன்னொரு கேள்வி. ஸ்டீபன் பேஜட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1889இலேயே விதையையும் மண்ணையும் உவமை சொன்னார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். அவர் ஆராய்ந்தது மார்பகப் புற்றுநோயை, இதற்கும் பொருந்துகிறது. எலும்பு மஜ்ஜை ஒரு சிறு புரதத்தைச் சுரக்கிறது. ரத்தத்தின் மூல செல்களை இருந்த இடத்தில் இருத்தி வைப்பதற்கான அழைப்பு அது. அதைப் பிடிக்கும் கொக்கியைப் புற்று செல்லும் தன் மேல் வளர்த்துக்கொள்கிறது. தேவராஜ மார்க்கெட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மல்லிகை வாசனை பூக்கடையில் கொண்டுபோய் விடுமே, அது போல. இடுப்பெலும்பு, முதுகெலும்பு என்று போய்ச் சேர்ந்ததும் அங்கே எலும்பு கட்டும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும், உறுதி இருக்காது. நம் ஊரில் பெரியவர்கள் பலர் இந்த வலிக்கு மாதக்கணக்கில் தைலம் தேய்க்கிறார்கள். "வயசாச்சு, முதுகு வலிக்காதா" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவதாக ஒரு புரதம் இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் வரும் பி.எஸ்.ஏ. இது விந்துவை நீர்க்க வைக்கும் நொதி. நோயைப் பரப்ப ஏவப்பட்ட ஆள் என்று நினைக்க வேண்டாம். சுரப்பியில் ஏதோ குழப்பம் என்று ரத்தத்தில் கசிந்து வந்து சொல்லும் தூதன். வெறும் வீக்கம், கிருமித் தொற்று என்றாலும் ஏறும். அமெரிக்காவில் 1986இல் சிகிச்சை பெறுபவர்களைக் கண்காணிக்கவும், 1994இல் நோயைக் கண்டறிய உதவவும் இந்தச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. 1970இல் இதுபற்றிய தொடக்க ஆய்வைச் செய்த ரிச்சர்ட் ஆப்லினே, எல்லாருக்கும் இதை எடுப்பது பெருங்கேடு என்று 2010இல் எழுதினார். மெதுவாக வளர்ந்து ஆயுளைத் தொடாத கட்டிக்கும் கத்தி வைக்க நேர்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஊசி குத்தினாலே போதும் என்று பேக்கேஜில் சேர்த்து விற்பது தவறுதான். ஆனால் நோயாளிகள் முற்றிய பிறகே வந்து சேரும் ஒரு நாட்டில், மூத்திரம் தடைப்படுகிறவருக்கும் எலும்பு வலிக்கிறவருக்கும் இந்தச் சோதனையை எழுதித் தராமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

பத்திரிகைகளுக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2009இல் இதே மிஷிகன் குழு, சிறுநீரில் சார்கோசின் என்ற பொருளை (புரதம் அல்ல, அமினோ அமில வகை) வைத்துத் தீவிரப் புற்றை அடையாளம் காணலாம் என்று எழுதியபோது உலகெங்கும் தலைப்புச் செய்தி. 2010இல் பெர்லின் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது அது பயன்படவில்லை. இரண்டாவது செய்தியை எத்தனை பேர் போட்டார்கள்?

இதற்கெல்லாம் தமிழில் என்ன சொல்வது என்பது என் தொழில் கவலை. மானசகங்கோத்ரியில் பல்கலைக்கழக வேதியியல் துறை, புற்று செல்லில் ஸ்டாட்-3 போன்ற புரதங்களைத் தடுக்கும் மூலக்கூறுகளைத் தயாரித்திருக்கிறது. நடந்து போகும் தூரத்தில், 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் சொல். 'முன்னிற்கும் சுரப்பி' என்று புராஸ்டேட்டுக்கு ஒரு தமிழாக்கம் உண்டு. முன்னால் நிற்பவன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேர் பெயர்ப்பு. அழகாகத்தான் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னடத்தில் பேசுகிறார், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது, பெரியவர் தமிழில், அதுவும் மகள் பக்கத்தில் இருப்பதால், "மூத்திரப் பக்கம்" என்று மட்டும் சொல்கிறார். கூடப் போகிறவர்கள் பி.எஸ்.ஏ. எண்ணோடு நின்றுவிடாமல் இன்னும் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: திசுச் சோதனையில் கிளீசன் ஸ்கோர் எவ்வளவு, எலும்பு ஸ்கேன் எடுத்தாயிற்றா, சாப்பாட்டில் எதையாவது நிறுத்த வேண்டுமா.