எல்ஃபுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஜெர்மன் மொழியில் கெட்ட கனவுக்கு 'ஆல்ப்டிராம்' என்று பெயர். தூங்குபவரின் மார்பில் ஏறி உட்கார்ந்து மூச்சை அமுக்கும் 'ஆல்ப்' தருகிற கனவு. இந்த ஆல்ப்பும் ஆங்கில 'எல்ஃப்'பும் ஒரே வேரில் பிறந்தவை. திடீர்க் குத்துவலியை எல்ஃபுகள் எய்த அம்பின் வேலையாகவும் கருதினார்கள் பழைய ஆங்கிலேயர்கள். ஆனால் அதே மக்கள்தான் பிள்ளைகளுக்கு ஆல்ஃபிரட் என்றும் பெயர் வைத்தார்கள். எல்ஃப் தரும் ஆலோசனை என்பது அதன் பொருள். 9-ம் நூற்றாண்டில் ஓர் அரசருக்கே அந்தப் பெயர். பயமும் மரியாதையும் ஒரே சொல்லில்!

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கேதான் கண்டம். டென்மார்க் நாட்டுப்பாடல் ஒன்றின் எல்ஃப் அரசன், 1770களில் ஹெர்டரின் ஜெர்மனில் 'எர்ல்கோனிக்' ஆனான். அதாவது, ஆல்டர் மரத்து அரசன். 1782-ல் கதே அந்தப் பெயரிலேயே கவிதை எழுதினார். 1815-ல் ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். பிழைக்கு சாகாவரம் கிடைத்துவிட்டது.

தமிழில் 'தேவதை' என்றால் அச்சம் போய்விடும். 'குட்டிச்சாத்தான்' என்றால் மரியாதை போய்விடும். எல்ஃபை எல்ஃபாகவே விட்டுவிடுவதும் மொழிபெயர்ப்புதான்.