வட்டு இருக்கிறது, நூலகம் இல்லை

தமிழ் நூல்கள் மின்வடிவம் பெறுவதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் நாம் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். எத்தனை நூல்கள், எத்தனை பக்கங்கள், எத்தனை இதழ்த் தொகுதிகள். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு பெரிது. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வலையேறிய நூல் வாசகரையும் சென்றடைந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோமே, அங்கேதான் எங்களுக்கு உடன்பாடில்லை. அந்த இடைவெளியில் கிடக்கும் மிகச் சிறிய ஒரு விஷயத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை.

இணையம் நம்பத்தகாத ஓர் ஊரில், விலை குறைந்த ஒரு சிறு கணினியோடு யூ.எஸ்.பி. வன்தட்டு ஒன்றை இணைத்து, அதில் சில ஆயிரம் நூல்களை வைத்துவிடலாம். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கைப்பேசியில் வைஃபை வழியாக அவற்றைத் திறந்து படிக்கலாம். இணையம் தேவையில்லை, மாதக் கட்டணமும் இல்லை. 2012இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கைக் கணினிகள் இதற்குப் போதும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. இன்றைய விண்டோஸைச் சுமக்கும் வலு அவற்றுக்கு இல்லையே தவிர, லினக்ஸின் இலகுவான வகைகளுள் ஒன்றை நிறுவினால் அவையும் எழுந்து நடமாடும். விக்கிப்பீடியாவையே வட்டில் வைத்து இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் உலகின் பல மூலைகளில் இந்த முறையில்தான் இயங்கிவருகிறது.

இதுவரை எல்லாம் இனிது. அடுத்து மின்சாரம் போகிறது. பின்பு வருகிறது. கணினி தானாக எழுகிறது, விளக்கு எரிகிறது, வைஃபையும் கிடைக்கிறது. நூல்களைக் காணோம்.

வட்டு பழுதாகவில்லை. அது ஏற்றப்படவில்லை, அவ்வளவே. லினக்ஸில் ஒரு வட்டைச் செருகியதனால் மட்டும் அது திறந்துவிடாது. இயங்குதளத்தின் கோப்பு மரத்தில் ஏதேனும் ஒரு கோப்புறையின்மேல் அந்த வட்டைக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். அதன் பிறகே உள்ளிருப்பவை கண்ணுக்குத் தெரியும். மவுன்ட் செய்வது என்பார்கள் கணினிக்காரர்கள். நாங்கள் ஏற்றுதல் என்கிறோம், பொதி ஏற்றுவதைப்போல. 'எங்கள் வீட்டுக் கணினியில் தானே திறந்துகொள்கிறதே' என்று கேட்கலாம். அங்கே ஒருவர் கணக்கில் நுழைந்து திரைமுன் அமர்ந்திருக்கிறார்; அவருக்காகத் திரைச்சூழலின் கோப்பு மேலாளர் அந்த வேலையைச் சத்தமின்றிச் செய்து முடிக்கிறது. படிப்பகத்து அலமாரியில் இருக்கும் பொறிக்குத் திரையும் இல்லை, நுழைகிறவரும் இல்லை. பளுவைக் குறைப்பதற்காகத் திரைச்சூழலையே நீக்கியிருப்பார்கள். வசதியை நீக்கினோம், அந்த வசதி நமக்குத் தெரியாமல் செய்துவந்த ஊழியமும் கூடவே போய்விட்டது.

குரங்கணியை வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் இவ்வூரின் பெயரை வெளியூரார் பலரும் 2018 மார்ச் மாதக் காட்டுத்தீயின்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அதற்கு நெடுங்காலம் முன்பே இந்தச் சரிவுக்கு வேறொரு வரலாறு உண்டு. மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இந்தச் சரிவின் வழியே கொட்டகுடிக்கு இறங்கும். அதன்பின் சாலை வழியே போடிக்குப் போகும். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் (கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே கேரளத்தார் அதைச் சொல்கிறார்கள்) அந்த ரயில் பாதை அழிந்தது. ரயிலும் இல்லை, கம்பியும் இல்லை. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலைமேல் ஊர்ப்பெயராக நிற்கின்றன.

அந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியவை கைமாறும் இடங்கள். ரயிலிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து வண்டிக்கு என்று சரக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் அதை எடுத்து ஏற்ற ஆள் நின்றிருந்தால்தான் தேயிலை நகர்ந்திருக்கும். ஒரே ஓர் இடத்தில் ஆள் இல்லாவிட்டால் மேலே எவ்வளவு விளைந்தும் பயனில்லை. வட்டுக்கும் கணினிக்கும் இடையே இருப்பதும் அப்படியொரு கைமாறும் இடம்தான். அங்கே ஆளை நிறுத்த நம்மால் முடியாது. இன்றும் போடி மலையின் சில கிராமங்களுக்குத் தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரைமேல் போகின்றன. அவ்வாறான ஊர் ஒன்றில் வைத்த கணினிக்கு ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கட்டளை தட்டச்சு செய்துவிட்டு வர யாரை அனுப்புவது? ஏலக்காய்க்குப் போடியில் 2007இலேயே மின்னணு ஏலம் வந்துவிட்டது. வணிகம் என்றால் இயந்திரத்தை எழுப்பிவிட ஆளும் கிடைப்பார், காசும் கிடைக்கும். படிப்பகத்துக்கு இரண்டும் கிடைக்காது.

இத்தனைக்கும் தீர்வு ஒரே ஒரு வரி. எஃப்எஸ்டேப் என்றொரு எளிய உரைக்கோப்பு ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் உண்டு. துவங்கும்போது எந்தெந்த வட்டை எங்கெங்கே ஏற்றுவது என்ற பட்டியல் அது. அதில் நம் வட்டுக்கும் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அந்த வரியை எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பெயர். கணினி வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று கண்டுகொண்ட வரிசையில் பெயரிடும். இன்று முதலாவதாக இருந்தது, நாளை யாரோ ஒரு பென் டிரைவைச் செருகியிருந்தால் இரண்டாவதாகிவிடலாம். பந்தியில் உட்கார்ந்த இடத்தைச் சொல்லி ஆளைத் தேடுவது போன்றது இது. ஆகவே யூயூஐடி எனப்படும் அடையாள எண்ணையே எழுத வேண்டும். அது வட்டைப் புதிதாக வடிவமைத்தாலன்றி மாறாது.

அடுத்தது நோஃபெயில் என்ற சொல். இதைச் சேர்க்காமல் விட்டு, ஒருநாள் வட்டு கழன்றிருந்தால், இன்றைய லினக்ஸ் வகைகளுள் பெரும்பாலானவை ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, அவசரநிலைக்குப் போய் நின்றுவிடும். நூல்களோடு கணினியும் போயிற்று. திரையில்லாத பொறி ஏன் நின்றது என்பதை அங்கிருக்கும் எவரும் அறிய வழியில்லை. அச்சொல் இருந்தால், வட்டு இல்லாதபோதும் மற்றவை எழுந்து இயங்கும்.

மூன்றாவதாக, படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு ஏற்றுவது. நூலகத்து வட்டில் எழுத வேண்டிய தேவை நூல் சேர்க்கும் நாளில்தான் வரும். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால் கோப்பமைப்பு சிதையக்கூடும். படிக்க மட்டும் ஏற்றிய வட்டுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. மின்வெட்டு மிகுந்த ஊர்களுக்கு இதைவிட மலிவான காப்பீடு இல்லை. கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஏற்றப்படாத நிலையிலும் அந்தக் கோப்புறை இருக்கத்தான் செய்யும், வெறுமையாக. நூல் சேர்க்க வந்தவர் இதை அறியாமல் அதற்குள் நகலெடுத்தால், அத்தனையும் கணினியின் சிறிய எஸ்.டி. அட்டைக்குள் போய் நிரம்பி இயங்குதளத்தையே திணறடிக்கும். நூல்கள் வட்டிலும் இருக்காது.

எங்களை உறுத்துவது அந்த வெறுங்கோப்புறைதான். சாளரம் பூட்டியிருந்தால் வாசகர் நாளை வருவார். திறந்திருந்து அலமாரி காலியாக இருந்தால் 'இங்கே ஒன்றுமில்லை' என்று எண்ணிப் போய்விடுவார். பள்ளி விடுமுறையில் 'பொன்னியின் செல்வன்' தேடி வந்த பிள்ளையிடம் யூயூஐடி மாறிவிட்டது என்று யார் விளக்குவது? கல்கியின் எழுத்துகள் 1999இலும் புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இலும் நாட்டுடைமையாயின. நாட்டுடைமை என்பது சட்டத்தில் கிடைத்துவிட்டது. மலைச்சரிவில் அது கிடைப்பது அந்த ஒரு வரியைப் பொறுத்திருக்கிறது.

கைப்பேசி இல்லாத ஊர் ஏது, இந்த வட்டுப் பேச்சே பழங்கதை என்பார்கள் நண்பர்கள் சிலர். கைப்பேசி இருக்கிறது, அலைவரிசை மலைமடிப்புகளில் விட்டுவிட்டு வருகிறது, ஒளிநகலாக்கிய ஒரு பழைய இதழ்த் தொகுதியை இறக்குவதற்கு அது போதாது. மேலும், தளங்கள் நிலையானவை என்ற நம்பிக்கை எங்களுக்குக் குறைவு. 2000களில் நாம் ஓடியோடிப் படித்த வலைப்பக்கங்கள் எத்தனை இன்று இல்லை! 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. படிகள் பல இடங்களில் இருக்க வேண்டும் என்பதை அதன்பின்னும் வாதாட வேண்டியதில்லை. இன்னும் சிலர், இதெல்லாம் கணினிக்காரர் வேலை, இலக்கியவாதிகளுக்கு எதற்கு என்பார்கள். அச்சுப்பிழையும் அட்டைக் கட்டும் பதிப்பாசிரியரின் கவலையாக இருந்த மரபு நம்முடையது. வட்டு ஏறுகிறதா என்பதும் அந்தக் கவலையின் தொடர்ச்சியே என்பது எங்கள் துணிபு.

ஆகவே, படிப்பகங்களுக்கு நூல்வட்டு அன்பளிப்பாகத் தரும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். எத்தனை நூல் என்று எழுதி அனுப்புமுன், அந்தக் கணினியின் மின்கம்பியைச் சட்டென்று பிடுங்குங்கள். மறுபடி செருகுங்கள். எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் தள்ளி உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னொருவர் கைப்பேசியை வாங்கி ஒரு நூலைத் திறந்து பாருங்கள். வட்டைக் கழற்றிவிட்டும் ஒருமுறை இதையே செய்யுங்கள். பிறகு, எந்த வட்டு, எந்தக் கோப்புறை, அந்த ஒற்றை வரி என்ன என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.